ஹாரி பாட்டர் கடைசிப் புத்தகத்தை முடித்தபோது உங்களுக்கும் சப்பென்று இருந்ததா?

ஏழாவது புத்தகத்தை இப்போதுதான் முடித்ததாகவும், கடைசிப் பக்கங்கள் ஏமாற்றிவிட்டதாகவும் எழுதியிருக்கிறீர்கள். புத்தகம் வந்த காலத்திலேயே வாசித்தவர்களுக்கு எப்படி இருந்தது என்றும் கேட்டிருக்கிறீர்கள்.

எங்களுக்கும் அப்படித்தான் இருந்தது. ஆனால் என்னைக் கேட்டால் அந்தக் கதை 34ஆம் அத்தியாயத்திலேயே முடிந்துவிட்டது. அதற்குப் பிறகு வருவதெல்லாம் கல்யாண வீட்டில் பந்தி முடிந்து தாம்பூலம் கொடுக்கிற மாதிரிதான். (முடிவைச் சொல்லாமல் இதைப் பேச முடியாது. வாசிக்காதவர்கள் இங்கேயே நிறுத்திக்கொள்ளுங்கள்.)

2007 ஜூலை 21, சனிக்கிழமை. லண்டனில் நள்ளிரவு தாண்டியதும் விற்பனை தொடங்கியது. நமக்கு அது விடிகாலை. முதல் 24 மணி நேரத்தில் அமெரிக்காவில் மட்டும் 83 லட்சம் பிரதிகள் விற்றன. மதுரை பசுமலையில் எங்கள் வீட்டுக்கு வந்தது ஒன்றே ஒன்று. பெரியப்பா மகள் டவுன் ஹால் ரோட்டுக் கடை ஒன்றில் முன்கூட்டியே பணம் கட்டி வைத்திருந்தாள். கெட்டி அட்டை போட்ட பிரிட்டிஷ் பதிப்பு, 607 பக்கம், விலை ஆயிரத்தை ஒட்டி. ஆளுக்கொன்று வாங்கித் தரும் வீடு இல்லை எங்களுடையது. முதலில் அக்கா, அப்புறம் நான், அப்புறம் சித்தப்பா மகன் என்று வரிசை. மூன்று பேரும் முடிக்கிற வரைக்கும் யாரும் வாய் திறக்கக் கூடாது என்று ஒப்பந்தம். அக்கா வாயைத் திறக்கவில்லைதான். ஆனால் நாலாவது அத்தியாயத்திலேயே அவள் முகம் போன போக்கில் யாரோ செத்துவிட்டார்கள் என்று தெரிந்துபோயிற்று. ஆளா, ஆந்தையா என்பது மட்டும்தான் தெரியவில்லை. ஆந்தைதான். ஹாரி வளர்த்த ஹெட்விக்.

நடுவில் காட்டுக்குள் கூடாரம் அடித்துக்கொண்டு ஹாரியும் அவன் நண்பர்கள் ரானும் ஹெர்மயனியும் அலைகிற பகுதி இழுவை என்று பலர் சொல்வார்கள். சித்தப்பா மகன்கூட அங்கே பத்துப் பத்துப் பக்கமாகத் தாண்டினான். எனக்குப் பிடித்ததே அதுதான். ஆறு புத்தகங்களாகப் பள்ளிக்கூடம், விடுதி, சாப்பாட்டுக் கூடம், பெரியவர்கள் என்று ஒரு கூரை இருந்தது. இதில் அதை ஆசிரியர் ரோலிங் பிடுங்கிவிடுகிறார். பசி, குளிர், எங்கே தேடுவது என்று தெரியாத எரிச்சல். ரான் கோபித்துக்கொண்டு போயே போய்விடுகிறான். செத்துப்போன தலைமை ஆசிரியர் ஆல்பஸ் டம்பிள்டோர் மேலேயே ஹாரிக்குச் சந்தேகம் வருகிறது. இந்தப் பகுதியைத் தாண்டிக் குதித்தவர்களுக்கு, ஹாரியைக் காப்பாற்றிச் செத்த குட்டி வேலைக்காரன் டாபிக்கு மந்திரமே இல்லாமல் மண்வெட்டியால் ஹாரி குழி வெட்டுகிற இடம் ஏன் அவ்வளவு வலிக்கிறது என்பது முழுசாகப் புரியாது.

இந்தப் புத்தகத்துக்குள் வருகிற மூன்று அண்ணன் தம்பி கதையை நான் அப்பத்தாவுக்குச் சொன்னேன். எமனிடம் மூத்தவன் வெல்ல முடியாத மந்திரக்கோல் கேட்கிறான், நடுவன் செத்தவரை அழைக்கும் கல் கேட்கிறான், கடைக்குட்டி கண்ணுக்குத் தெரியாமல் மறைக்கும் போர்வை கேட்கிறான். அப்பத்தா வெற்றிலையை மடித்துக்கொண்டே, "எமன்கிட்ட வாங்குன பொருளு வீட்டுல தங்குமாடா? மொத ரெண்டு பயலும் போயிருப்பானுகளே" என்றது. நான் சொல்வதற்கு முன்பே! அது மட்டுமில்லை, மார்க்கண்டேயன்தான் கெட்டிக்காரன், லிங்கத்தைக் கட்டிப் பிடித்துத் தப்பித்தான் என்று தீர்ப்பும் சொல்லிவிட்டது.

ஆனால் ஹாரி மார்க்கண்டேயன் வகை இல்லை. எமன் வாசலுக்குத் தானே நடந்துபோன நசிகேதன் வகை. 33ஆம் அத்தியாயத்தில் பள்ளி ஆசிரியர் செவரஸ் ஸ்நேப்பின் நினைவுகளைப் பார்த்து, தான் சாகாமல் வில்லன் வோல்டமார்ட் சாக மாட்டான் என்று தெரிந்துகொள்கிறான். அடுத்த அத்தியாயத்தில் எழுந்து நடக்கிறான், அவ்வளவுதான் நடப்பது. நண்பர்களிடம் சொல்லிக்கொள்வதில்லை. வழியில் கூடப் படித்த நெவிலைப் பார்த்து வோல்டமார்ட்டின் பாம்பைக் கொல்லச் சொல்லிவிட்டுப் போகிறான். தனக்கே பயம் இருக்கிறது என்பதை மறைக்கவும் இல்லை. செத்துப்போன அம்மா, அப்பா, அப்பாவின் நண்பர்கள் சிரியஸ், லூப்பின் நான்கு பேரும், இப்போது அவன் கையில் இருக்கிற அந்தக் கல்லின் வழியாக வந்து கூட நடக்கிறார்கள். பதினேழு வயதுப் பையன் சாகப் போகும்போது வலிக்குமா என்று கேட்கிறான். சிறுவர் புத்தகம் என்று அலமாரியில் வைத்திருக்கிறார்கள், இதைப் போய். அப்புறம் அந்தக் கல்லைக் காட்டிலேயே நழுவவிட்டுவிடுகிறான். நடுத் தம்பி செய்யாததை அவன் செய்கிறான். 1997இல் தொடங்கிய கதைக்கு அங்கேயே முற்றுப்புள்ளி விழுந்துவிட்டது.

பிறகு, பத்தொன்பது வருடம் கழித்து நடக்கிற அந்தப் பின்கதை. வாசகர்கள் விட மாட்டார்கள், யார் யாரைக் கட்டினார்கள், எத்தனை பிள்ளை என்று கேட்டுக்கொண்டே இருப்பார்கள். கல்கிக்கும் இதே தொல்லை இருந்தது. 'பொன்னியின் செல்வன்' 1954இல் முடிந்தபோது அவர் ஒரு முடிவுரை எழுதி, பாத்திரங்கள் பின்னால் என்ன ஆனார்கள் என்ற கேள்விகளை எடுத்துப் பேசினார். கதையை விட்டு வெளியே வந்து, ஆசிரியராக நின்று நேராகப் பேசியதால் அது உறுத்தவில்லை. ரோலிங் அதையே ஒரு ரயில் நிலையக் காட்சியாக்கிவிட்டார். கல்யாண ஆல்பம் புரட்டுவது போல ஆளாளுக்கு வந்து முகம் காட்டிவிட்டுப் போகிறார்கள். உங்களுக்குச் சப்பென்று ஆனது அங்கேதான் என்று நினைக்கிறேன்.

ஒரு மதியம் உட்கார்ந்து 33லிருந்து 36 வரை மட்டும் திரும்ப வாசித்துப் பாருங்கள். பின்கதை பக்கம் போகாதீர்கள். போனால் எனக்கு வருகிற அதே கோபம் உங்களுக்கும் வரும். பிள்ளைகளுக்கு ஜேம்ஸ், ஆல்பஸ் செவரஸ், லில்லி என்று பெயர் வைத்திருக்கிறான் ஹாரி. எல்லாம் இவன் பக்கத்துப் பெயர்கள். போரில் செத்துப்போன ஃப்ரெட், ஹாரி கட்டிய ஜின்னியின் அண்ணன், அந்தப் பிள்ளைகளுக்குத் தாய்மாமன். அவன் பெயர் ஒன்றுக்குக்கூட இல்லை. மதுரைப் பக்கமாக இருந்தால் காதுகுத்துக்கு ஜின்னி வீட்டிலிருந்து ஒரு ஆள் வந்திருக்க மாட்டார்கள்.