எண்ணெயை மாற்றினேன், எடை கூடிவிட்டது!

கேள்வி: எனக்கு வயது 44. ரத்தப் பரிசோதனையில் சர்க்கரை எல்லைக்கோட்டில் இருக்கிறது, ட்ரைகிளிசரைடு என்ற ரத்தக் கொழுப்பும் அதிகம். மத்தியதரைக் கடல் பகுதி மக்களின் மெடிட்டரேனியன் டயட் நல்லது என்று படித்துவிட்டு, மூன்று மாதமாக எல்லாச் சாப்பாட்டிலும் ஆலிவ் எண்ணெய் சேர்க்கிறேன். எடைதான் இரண்டு கிலோ கூடியிருக்கிறது. அந்த உணவு அந்தப் பகுதி மக்களுக்கு மட்டும்தான் ஒத்துவருமா?

பதில்: அப்படி இல்லை. மூன்று மாதம் விடாமல் செய்த உங்கள் உறுதி பெரிய விஷயம், அதை விட்டுவிடாதீர்கள். சிக்கல் ‘சேர்க்கிறேன்’ என்ற சொல்லில்தான் இருக்கிறது. எந்த எண்ணெயானாலும் ஒரு மேசைக்கரண்டிக்குச் சுமார் 120 கலோரி. பழைய சாப்பாட்டைக் குறைக்காமல் அதன் மேலேயே ஊற்றினால் எடை ஏறத்தான் செய்யும்.

அமெரிக்க ஆய்வாளர் ஆன்செல் கீஸின் குழுவினர் 1960 வாக்கில் கிரேக்க நாட்டின் கிரீட் தீவில் ஆராய்ந்த விவசாயிகள் எண்ணெயைத் தாராளமாகவே பயன்படுத்தினார்கள். ஆனால் அது காய்கறி, கீரை, பயறு வகைகளோடு உள்ளே போனது. இறைச்சியும் இனிப்பும் குறைவு. நாள் முழுக்க உடலுழைப்பு வேறு.

வேறு மக்களுக்கு இது பலிக்குமா என்பதற்கு வட ஐரோப்பா நல்ல உதாரணம். அங்கே ஆலிவ் விளையாது. கடுகு இனத்தைச் சேர்ந்த ரேப்சீட் எண்ணெய், கோதுமை போன்ற ரை தானியம், பெர்ரி, மீன் என்று தங்கள் மண்ணில் கிடைப்பதை வைத்தே இதே முறையை அமைத்தார்கள். வளர்சிதை மாற்றக் கோளாறு (இடுப்புச் சதை, சர்க்கரை, ரத்த அழுத்தம், ரத்தக் கொழுப்பு போன்றவற்றில் சில சேர்ந்து கெடுவது) உள்ளவர்களிடம் அதைச் சோதித்து, 2013இல் முடிவை வெளியிட்டார்கள். கெட்ட கொழுப்பு குறைந்தது. இன்சுலின் வேலை செய்யும் திறனில் மட்டும் மாற்றம் தெரியவில்லை. அதில் எடையைக் குறைக்கவில்லை என்பதையும் கவனியுங்கள். இஸ்ரேலில் 322 பேரிடம் இரண்டு ஆண்டு நடந்த இன்னொரு ஆய்வில், கலோரியையும் அளவாக வைத்து மெடிட்டரேனியன் முறையில் சாப்பிட்டவர்களுக்குச் சராசரியாக 4.4 கிலோ குறைந்தது. அவர்களில் நீரிழிவு இருந்தவர்களுக்குச் சர்க்கரையும் இறங்கியது.

உடல்வாகு வேறுபடும் என்பது உண்மைதான். ஆசிய வம்சாவளியினருக்குக் குறைந்த எடையிலேயே நீரிழிவு வந்துவிடுகிறது. அதற்காக வேறு உணவு தேட வேண்டாம், சீக்கிரம் ஆரம்பித்தால் போதும்.

சரி, நாளையிலிருந்து என்ன செய்யலாம்? வெண்ணெய்க்குப் பதில் எண்ணெய், பிஸ்கட்டுக்குப் பதில் ஒரு கைப்பிடி பாதாமோ வால்நட்டோ. தட்டில் தீட்டிய தானியத்தைக் குறைத்து, அந்த இடத்தில் பயறும் காயும். ஆலிவ் கட்டாயமில்லை, கடலை எண்ணெயும் அளவோடு போதும். மெடிட்டரேனியன் உணவில் ஒயினையும் சேர்த்துச் சொல்வார்கள்; குடிக்காதவர் இதற்காகத் தொடங்கவே கூடாது. சர்க்கரை மாத்திரை சாப்பிடுகிறீர்கள் என்றால் மருத்துவரிடம் சொல்லிவிட்டு மாற்றுங்கள், அளவைக் குறைக்க வேண்டி வரலாம். மூன்று மாதம் கழித்து எச்பிஏ1சி (இரண்டு மூன்று மாதச் சராசரி சர்க்கரையைக் காட்டும் பரிசோதனை) பார்த்துவிட்டு, இடுப்புச் சுற்றளவையும் குறித்து எனக்கு எழுதுங்கள்.