‘தி லாம்ப் ஸ்டில் பர்ன்ஸ்’: செவிலியர் பயிற்சியின் சான்றாகக் கொள்ளலாமா?

கேள்வி: செவிலியர் கல்லூரியில் தொழில் வரலாறு கற்பிக்கிறேன். 1943இல் வெளியான ‘தி லாம்ப் ஸ்டில் பர்ன்ஸ்’ என்ற பிரிட்டிஷ் படத்தை மாணவிகளுக்குத் திரையிட எண்ணுகிறேன். அக்காலப் பயிற்சிக்கு அதைச் சான்றாகக் கொள்ளலாமா?

பதில்: விதிமுறைகளைப் பொறுத்தவரை கொள்ளலாம். அவ்விதிமுறைகள் ஏன் நிலைத்திருந்தன என்பதற்குப் படம் மட்டும் போதாது.

மோனிகா டிக்கன்ஸ் தம் பயிற்சிக்கால அனுபவத்தைக் கொண்டு எழுதிய ‘ஒன் பேர் ஆஃப் ஃபீட்’ நூலே படத்துக்கு மூலம். நூல் நகைச்சுவை நிறைந்தது. மாரிஸ் எல்வி இயக்கிய படமோ, கட்டடக் கலைஞர் பணியைத் துறந்து செவிலியாகும் ஹிலரியை (ரோசமண்ட் ஜான்) நாயகியாக்கி, காதலுக்கும் கடமைக்கும் நடுவே அவளை நிறுத்துகிறது. போரினால் செவிலியர் தேவை பெருகியிருந்த காலத்தில் எடுக்கப்பட்ட படம் என்பதை மாணவிகளுக்கு முன்கூட்டியே சொல்லிவிடுங்கள்.

மேட்ரனுக்கும் (மருத்துவமனையின் தலைமைச் செவிலியர்) வார்டு சிஸ்டருக்கும் (வார்டின் பொறுப்புச் செவிலியர்) மறுபேச்சின்றிப் பணிய வேண்டிய படிநிலை, விடுதிக் கட்டுப்பாடு, திருமணத்துக்கு இருந்த தடை ஆகியவற்றில் மிகையில்லை. அன்றைய வார்டுகளில் கட்டில் சக்கரங்கள் அனைத்தும் ஒரே பக்கம் திரும்பியிருக்க வேண்டும். தலையணை உறையின் திறந்த முனை வாசலை நோக்கியிருக்கக் கூடாது. பெட்பேன் (படுக்கை நோயாளிகளுக்கான மலசலக் கலம்) கழுவுவதும் தூசி துடைப்பதும் புதிய மாணவியின் அன்றாட வேலைகளாக இருந்தன.

வகுப்பில் நீங்கள் அதிக நேரம் எடுத்துக்கொள்ள வேண்டியது உழைப்பைப் பற்றிய பகுதி என்பது என் கருத்து. மூன்றாண்டுப் பயிற்சி என்ற பெயரில் மருத்துவமனைகள் மாணவிகளைக் குறைந்த ஊதியத்துக்கு வேலை வாங்கின. வார்டுகளின் அன்றாடப் பணியில் பெரும்பங்கு அவர்கள் தோளில்தான் இருந்தது. படம் வந்த அதே 1943இல், செவிலியர் ஊதியத்தையும் பணிநிலையையும் ஆராய்ந்த பிரிட்டனின் ரஷ்கிளிஃப் குழு இரு வாரங்களுக்கு 96 மணி நேர வேலையைப் பரிந்துரைத்தது. அதுவே அன்று சீர்திருத்தம் என்றால், அதற்கு முந்தைய நிலையை மாணவிகளே ஊகித்துக்கொள்வார்கள். தியாகம் என்ற சொல்லுக்குள் இந்தக் கணக்கு மறைந்துவிடக் கூடாது.

ஹிலரி விதியோடு மோதும் காட்சிகளில் படத்தை நிறுத்தி, எந்த விதி நோயாளியைக் காக்கிறது, எது அதிகாரத்தை மட்டும் காக்கிறது என்று கேளுங்கள். சிகிச்சை முறைகளை மட்டும் இதிலிருந்து கற்பிக்க வேண்டாம். பொதுமக்களுக்குப் பெனிசிலின் பரவலாகக் கிடைக்காத காலம் அது. படம் ஏறத்தாழ ஒன்றரை மணி நேரம் ஓடும் என்பதால், விவாதத்துக்கும் சேர்த்து மூன்று பாடவேளைகளை ஒதுக்கிக்கொள்ளுங்கள்.