நோட்டரி ஆக வழக்கு தடையா? வாசகர் கேள்விகள்

என் மேல் அடிதடி வழக்கு ஒன்று நிலுவையில் இருக்கிறது. நோட்டரிக்கு விண்ணப்பிக்கலாமா?

வழக்கறிஞராக 10 ஆண்டு முடித்திருந்தால் விண்ணப்பிக்கலாம். பெண்களுக்கும், பட்டியலினத்தார், பழங்குடியினர், பிற பிற்படுத்தப்பட்டோருக்கும் 7 ஆண்டு போதும். எஃப்.ஐ.ஆர். வேறு, தண்டனை வேறு. ஆனால் உங்கள் நியமனத்துக்கு யாராவது ஆட்சேபம் தெரிவித்தால் விசாரணையில் இந்த வழக்கு கட்டாயம் கிளம்பும். கேட்டால் மறைக்காதீர்கள். மறைத்தது தெரிந்தால் வழக்கைவிட அதுதான் பெரிய தலைவலி.

ஏற்கெனவே நோட்டரியாக இருப்பவருக்குத் தண்டனை விழுந்தால்?

1952-ஆம் ஆண்டு நோட்டரிகள் சட்டத்தின் 10-ஆம் பிரிவு இதற்குத்தான். ஒழுக்கக்கேடான குற்றத்துக்காக நீதிமன்றம் தண்டித்தால், நியமித்த அரசு அவர் பெயரைப் பதிவேட்டிலிருந்து நீக்கலாம்.

எது ஒழுக்கக்கேடான குற்றம்? சட்டத்தில் பட்டியல் கிடையாது, சண்டையெல்லாம் இதில்தான். மோசடி, கையாடல், போலி ஆவணம் என்றால் பேச்சே இல்லை. சில்லறைக் குற்றங்கள் அப்படியல்ல. பொது இடத்தில் ஆபாசமாகப் பேசியதாக அப்போதைய இந்திய தண்டனைச் சட்டத்தின் 294-ஆம் பிரிவில் 20 ரூபாய் அபராதம் கட்டிய ஓர் அரியானா அரசு ஊழியரின் வேலையே போனது. அந்தப் பிரிவில் தண்டனை என்பதாலேயே ஒழுக்கக்கேடு ஆகிவிடாது என்று 1996-இல் உச்ச நீதிமன்றம் சொன்னது. செயல் சமூகத்தின் மனசாட்சியை உலுக்குகிறதா, நோக்கம் கீழ்த்தரமானதா என்றுதான் பொதுவாகப் பார்ப்பார்கள்.

மேல்முறையீட்டில் தண்டனையை நிறுத்திவைத்துவிட்டார்கள். தப்பித்தேனா?

உத்தரவை இன்னொரு முறை படியுங்கள். பெரும்பாலும் சிறைவாசத்தை மட்டும்தான் நிறுத்தியிருப்பார்கள், குற்றவாளி என்ற தீர்ப்பு அப்படியே நிற்கும். அந்தத் தீர்ப்புக்கும் தனியாகத் தடை கேட்க வேண்டும். அது லேசில் கிடைக்காது.

பழைய தண்டனை உள்ளவர் வழக்கறிஞராகவே பதிவு செய்ய முடியுமா?

ஒழுக்கக்கேடான குற்றம் என்றால், சிறையிலிருந்து விடுதலையாகி 2 ஆண்டு கழியும் வரை முடியாது (வழக்கறிஞர்கள் சட்டம், 24-அ). சிறைக்கு அனுப்பாமல் நன்னடத்தைச் சட்டத்தில் விடப்பட்டவருக்கு இந்தத் தடை இல்லை. நோட்டரிக்குக் கேட்கும் 10 ஆண்டுக் கணக்கு அப்புறம்தான் தொடங்கும்.

ஆள் வராமலே பிரமாணப் பத்திரத்தில் சீல் வைத்த நோட்டரியை நீக்க, கோர்ட் தண்டனை வரும்வரை காத்திருக்க வேண்டுமா?

வேண்டாம். தொழில் ஒழுங்கீனம் என்று துறை விசாரணையில் தெரியவந்தாலே நீக்கலாம். 1956-ஆம் ஆண்டு விதிகளில் புகாருக்கென்றே படிவம் இருக்கிறது, அதை நிரப்பிப் பத்திர நகலுடன் கொடுங்கள். என்னைக் கேட்டால் இதுதான் நேர்வழி. குற்ற வழக்கு சுற்றுவழி: நோட்டரியாகச் செய்த வேலைக்கு, அரசு அதிகாரம் அளித்த அதிகாரி எழுத்தில் புகார் கொடுத்தால் மட்டுமே நீதிமன்றம் விசாரணைக்கு எடுக்கும் (பிரிவு 13).

பெயரை நீக்கிவிட்டார்கள். சீல் இன்னும் கையில் இருக்கிறது, பழைய கட்சிக்காரர்களுக்கு மட்டும்...

வேண்டாம் ஐயா. 12-ஆம் பிரிவில் ஓராண்டு வரை சிறை.