படத்தில் உள்ள எழுத்தைத் திருத்தக்கூடிய உரையாக மாற்றுதல்: வாசகர் கேள்விகளும் பதில்களும்

கேள்வி: பழைய தமிழ்ப் புத்தகம் ஒன்றின் பக்கங்களைக் கைபேசியில் படம் எடுத்து வைத்திருக்கிறேன். தட்டச்சு செய்யாமல் இவற்றைத் திருத்தக்கூடிய உரையாக மாற்றக் கட்டணமில்லாத வழி உண்டா?

பதில்: உண்டு. கணினியின் உலாவியில் கூகுள் டிரைவைத் திறந்து படத்தைப் பதிவேற்றுங்கள். பிறகு அதன்மேல் வலச்சொடுக்கி, கூகுள் டாக்ஸில் திறக்கும்படி தேர்ந்தெடுங்கள். படம் மேலேயும் அதிலிருந்து பிரித்தெடுத்த உரை கீழேயுமாக ஒரு புதிய ஆவணம் உருவாகும். கோப்பு 2 எம்பிக்கு மிகாமலும், எழுத்தின் உயரம் குறைந்தது 10 பிக்சலாகவும் இருக்க வேண்டும் என்பது கூகுள் தரும் வழிகாட்டுதல். ஒரு பத்தி மட்டும் போதுமென்றால் கைபேசியில் கூகுள் லென்ஸே போதுமானது.

மென்பொருளைத் தேர்ந்தெடுப்பதைவிடப் படத்தைச் சரியாக எடுப்பதில்தான் அதிகக் கவனம் வேண்டும். பக்கத்தைத் தட்டையாக விரித்து, கையின் நிழல் விழாமல், நேர் மேலிருந்து எடுங்கள். அந்தப் படத்தை வாட்ஸ்அப்பில் புகைப்படமாக அனுப்பினால் அது சுருக்கப்பட்டுப் புள்ளிகளும் கொம்புகளும் மங்கிவிடும். ஆவணமாக இணைத்து அனுப்பினால் மூலத்தின் தெளிவு அப்படியே இருக்கும்.

கேள்வி: 1960-களில் அச்சான நூல் ஒன்றை மாற்றும்போது ‘லை’, ‘னை’, ‘றா’ போன்ற எழுத்துகள் பக்கத்துக்குப் பக்கம் தவறாகவே வருகின்றன. படம் தெளிவாகத்தான் இருக்கிறது. ஏன் இப்படி?

பதில்: குறை உங்கள் படத்தில் இல்லை. தமிழ்நாட்டு அரசு 1978-இல் எழுத்துச் சீர்திருத்தத்தை நடைமுறைப்படுத்தும் வரை ணை, லை, ளை, னை ஆகியவை முன்னால் துதிக்கை போன்ற வளைவுடனும், ணா, றா, னா ஆகியவையும் அவற்றின் ஒகர, ஓகார வடிவங்களும் கால் தனியாக நிற்காமல் எழுத்தோடு பிணைந்தும் அச்சிடப்பட்டன. இன்றைய எழுத்துணரிகள், அதாவது படத்திலுள்ள எழுத்தை உரையாக மாற்றும் மென்பொருள்கள் (OCR), பெரும்பாலும் இக்காலக் கணினி எழுத்துருக்களைக் கொண்டு பயிற்றுவிக்கப்பட்டவை என்பதால், பழைய வடிவத்தைத் தமக்குத் தெரிந்த வேறு ஏதோ ஓர் எழுத்தாக எடுத்துக்கொள்கின்றன.

இந்தப் பிழைகள் பெரும்பாலும் ஒரே சீராகத் திரும்பத் திரும்ப வருபவை என்பதால், முதல் சில பக்கங்களை மட்டும் மூலத்தோடு ஒப்பிட்டு, எந்த எழுத்து எதுவாக மாறுகிறது என்று ஒரு பட்டியல் எழுதிக்கொள்ளுங்கள். பிறகு தேடி மாற்றும் வசதியைப் பயன்படுத்துங்கள்; ஆனால் தனி எழுத்தை மாற்றாமல் முழுச்சொல்லாகவே மாற்றுங்கள். தனி எழுத்தை மொத்தமாக மாற்றினால், சரியாக வந்திருந்த சொற்களும் கெட்டுவிடும், எங்கே கெட்டன என்பதும் தெரியாமல் போகும். விக்கிமூலத்தில் பழைய நூல்களை மின்னுரையாக்கும் தன்னார்வலர்கள், எழுத்துணரி தந்த உரையைப் பக்கப் படத்துக்கு அருகிலேயே வைத்துத்தான் மெய்ப்புப் பார்க்கிறார்கள். நேரம் பிடிக்கும் அந்த முறைக்கு மாற்றாக எதையும் என்னால் பரிந்துரைக்க இயலவில்லை.

கேள்வி: பிடிஎஃப் கோப்பில் தமிழ் நன்றாகத் தெரிகிறது, நகலெடுத்து ஒட்டினால் பொருளற்ற ஆங்கில எழுத்துகளாக வருகிறது. எழுத்துணரி பயன்படுமா?

பதில்: முதலில் கோப்பின் பண்புகளில் எழுத்துருவின் பெயரைப் பாருங்கள். பாமினி போன்ற பழைய எழுத்துருவாக இருந்தால், ஒருங்குறி மாற்றி (பழைய எழுத்துருவில் உள்ள உரையை யூனிகோடாக மாற்றும் கருவி) ஒன்றில் அந்த உரையை இட்டாலே போதும். எழுத்துணரியில் வரும் பிழைகளுக்கு அங்கே இடமே இல்லை. மாற்றியும் உதவாதபோது மட்டும் பக்கங்களை அங்குலத்துக்கு 300 புள்ளி அளவில் படங்களாகச் சேமித்து எழுத்துணரியிடம் கொடுங்கள்.

கேள்வி: எங்கள் நிலப் பத்திரத்தின் நகலை இணையத்தில் பதிவேற்றத் தயக்கமாக இருக்கிறது. வேறு வழி உண்டா?

பதில்: தங்கள் தயக்கம் நியாயமானது. பத்திரம், ஆதார், வங்கி அறிக்கை ஆகியவற்றை முன்பின் அறியாத மாற்றித் தளங்களில் ஏற்றவே கூடாது. ஹியூலெட்-பேக்கார்டு நிறுவனத்தில் 1985-க்கும் 1994-க்கும் இடையே உருவாகி, 2005-இல் திறமூலமாக வெளியிடப்பட்ட டெசராக்ட் என்னும் எழுத்துணரி, இணையத் தொடர்பின்றி உங்கள் கணினியிலேயே இயங்கும். கட்டளைகள் எழுதிப் பழக்கமில்லாதவர்கள் ஜிஇமேஜ்ரீடர் என்ற மென்பொருள் வழியாக அதைப் பயன்படுத்தலாம். தமிழ் மொழிக்கோப்பைத் தனியாக நிறுவ வேண்டும். பத்திரத்தில் ஆங்கிலமும் கலந்திருந்தால் இரு மொழிகளையும் சேர்த்தே தேர்ந்தெடுங்கள். சர்வே எண்ணையும் பரப்பளவையும் ஒவ்வோர் இலக்கமாக மூலத்தோடு ஒப்பிடுங்கள், ஏனெனில் தவறிய எண்ணை எந்தச் சொற்பிழை திருத்தியும் காட்டிக்கொடுக்காது.

கேள்வி: கையெழுத்துக் கடிதங்களை மாற்ற முடியுமா?

பதில்: தெளிவாகப் பிரித்து எழுதிய கடிதமானால் கூகுள் லென்ஸில் முயன்று பார்க்கலாம். கூட்டி எழுதியவற்றைப் பார்த்துத் தட்டச்சு செய்வதே விரைவானது.

கேள்வி: மாற்றிய உரையில் கண்ணுக்குத் தெரியும் சொல், தேடினால் கிடைப்பதில்லை. காரணம் என்ன?

பதில்: உருவில் ஒத்த வேறு குறியீடு அங்கே அமர்ந்திருக்கக்கூடும். துணைக்காலுக்குப் பதிலாக ‘ர’, ‘ஔ’ வரவேண்டிய இடத்தில் ‘ஒ’வும் ‘ள’வும், ‘எ’ என்ற உயிரெழுத்துக்குப் பதிலாக ஏழைக் குறிக்கும் தமிழ் எண் ‘௭’, ‘க’வுக்குப் பதிலாக ஒன்றைக் குறிக்கும் ‘௧’ என்பன இத்தகைய மயக்கங்களுக்கு எடுத்துக்காட்டுகள். கண் இவற்றை எளிதில் தவறவிடும். கணினிக்கோ அவை முற்றிலும் வேறானவை. தமிழ் எண்கள் பத்தையும் ஒவ்வொன்றாகத் தேடிப் பாருங்கள். அடுத்து, கொம்புக்குப் பின் ‘ர’ வந்த இடங்களைப் பாருங்கள். ‘பெரிய’ என்பதுபோல் அது சரியாகவே வந்த சொற்களும் இருக்குமாகையால், அவற்றை மொத்தமாக மாற்றாமல் ஒவ்வொன்றாகப் பார்த்துத் திருத்துங்கள்.