சிறுநீரக நோயாளிகள் ஐஸ்கிரீம் சாப்பிடலாமா?

கேள்வி: அம்மாவுக்குச் சிறுநீரக நோய், மூன்றாம் நிலை. பாலைக் குறைக்கச் சொல்லியிருக்கிறார்கள். ஐஸ்கிரீமை அடியோடு மறந்துவிட வேண்டியதுதானா?

பதில்: மறக்க வேண்டாம், அளந்து கொடுங்கள். நலிந்த சிறுநீரகத்தால் பாலிலுள்ள பாஸ்பரஸ், பொட்டாசியம் என்ற தாதுக்களைச் சரியாக வெளியேற்ற முடியாது, அதனால்தான் இந்த அளவு. அரைக் கோப்பை, அதாவது சுமார் 65 கிராம் வெனிலா ஐஸ்கிரீமில் ஏறக்குறைய 70 மில்லிகிராம் பாஸ்பரஸும் 130 மில்லிகிராம் பொட்டாசியமும் இருக்கின்றன. 240 மில்லி பாலில் பாஸ்பரஸ் 200-ஐத் தாண்டும், பொட்டாசியம் 300-ஐத் தாண்டும். ஐஸ்கிரீம் சாப்பிடும் நாளில் பாலைக் குறைத்தால் கணக்கு சரியாகிவிடும். சாக்லேட்டும் பருப்பு வகைகளும் கலந்தவற்றில் இரண்டு தாதுக்களும் கூடுதல், அவை வேண்டாம்.

பாலைவிட எனக்கு அதிகக் கவலை தருவது உறையில் பொடி எழுத்தில் இருக்கும் பட்டியல்தான். பாலில் இயற்கையாக உள்ள பாஸ்பரஸில் ஒரு பகுதியைத்தான் குடல் உறிஞ்சுகிறது. பதப்படுத்தும்போது சேர்க்கும் பாஸ்பேட் உப்புகளோ பெரும்பாலும் அப்படியே ரத்தத்தில் கலந்துவிடும். நலிந்த சிறுநீரகத்தால் அதை முழுதாக வெளியேற்ற முடியாது. மிஞ்சும் பாஸ்பரஸ் எலும்பிலிருந்து கால்சியத்தை வெளியே இழுக்கும், ரத்தக் குழாய்களில் சுண்ணாம்பு படியும், தோல் அரிக்கும். உறையில் ‘பாஸ்பேட்’ என்ற சொல்லோ 339, 340, 341, 450, 451, 452 ஆகிய எண்களில் ஒன்றோ தென்பட்டால் வாங்காதீர்கள். பாஸ்பரஸின் அளவை உறையில் அச்சிடுவது அரிது. அதனால் இந்தப் பட்டியலைப் படிப்பதுதான் ஒரே வழி.

கேள்வி: அப்பா டயாலிசிஸில் இருக்கிறார். நாளுக்கு இவ்வளவுதான் குடிக்கலாம் என்ற தண்ணீர்க் கணக்கில் ஐஸ்கிரீமும் வருமா?

பதில்: கட்டாயம் வரும். அறை வெப்பத்தில் உருகி நீராகும் எதுவும் கணக்கில் உண்டு, வாயில் போடும் ஐஸ் கட்டியும்கூட. வழக்கமாகச் சாப்பிடும் கிண்ண அளவை ஒருமுறை உருகவிட்டு அளந்து வைத்துக்கொள்ளுங்கள். பாஸ்பரஸைக் கட்டுப்படுத்தும் மாத்திரை எழுதிக் கொடுத்திருந்தால், அதைச் சாப்பாட்டோடு போட்டால்தான் பலன். சாப்பாட்டை முடித்ததும் ஐஸ்கிரீம் கொடுத்தால் மாத்திரை அதற்கும் உதவும்.

கேள்வி: உறைந்த தயிர் நல்லதா?

பதில்: பெயரைப் பார்த்து நம்பிவிடாதீர்கள். ஐஸ்கிரீமைவிடப் புரதமும் பாஸ்பரஸும் அதில் பெரும்பாலும் கூடுதல். பால் சேராத பழ ஐஸில் பாஸ்பரஸ் மிகக் குறைவு. ஆனால் நட்சத்திரப் பழம் கலந்ததை மட்டும் தொடவே கூடாது. சிறுநீரக நோயாளிகளுக்கு அதன் நச்சு மூளையைப் பாதித்து, விக்கலில் தொடங்கி வலிப்புவரை கொண்டுபோகும். உயிரே போனதும் உண்டு.

கேள்வி: எனக்குச் சர்க்கரை நோயும் உண்டு. சர்க்கரை தாழ்ந்து மயக்கம் வருவதுபோல் இருந்தால் ஐஸ்கிரீம் சாப்பிடலாமா?

பதில்: அந்த நேரத்துக்கு அது உதவாது. அதிலுள்ள கொழுப்பு, சர்க்கரை ரத்தத்தில் கலப்பதைத் தாமதமாக்கும். குளுக்கோஸ் மாத்திரையைக் கையோடு வைத்திருங்கள்.

கேள்வி: மாற்றுச் சிறுநீரகம் பொருத்தி நான்கு மாதமாகிறது. இப்போதாவது தடையில்லையே?

பதில்: நோய் எதிர்ப்பைக் குறைக்கும் மருந்துகள் எடுத்துக்கொள்வதால் கிருமித் தொற்றுதான் இப்போது பெரிய பயம். பச்சை முட்டை, காய்ச்சாத பால் ஆகியவற்றில் செய்ததும், இயந்திரத்திலிருந்து பிழிந்து தரும் மென்மையான ஐஸ்கிரீமும் வேண்டாம். பாஸ்டரைஸ் செய்த பாலில் தயாரித்து, உறை பிரிக்காமல் விற்பதைச் சாப்பிடலாம். உருகி மறுபடி உறைந்ததுபோல் தோன்றினால் அதையும் ஒதுக்கிவிடுங்கள்.