கேள்வி-பதில்: கழுத்தில் கசியும் மை

கேள்வி: எபோனைட் (கந்தகம் சேர்த்துக் கெட்டியாக்கிய ரப்பர்) தண்டை லேத்தில் கடைந்து, குழலிலேயே மை ஊற்றும் பேனா செய்கிறேன். நிப்பைத் தாங்கும் கழுத்தைக் குழலோடு திருகும் மரையில் மை கசிகிறதே?

பதில்: மரையை விடுங்கள்; கழுத்தின் தோளும் குழலின் வாயும் முட்டும் இடத்தை வெளிச்சத்தில் பிடித்துப் பாருங்கள். கீற்றாக ஒளி தெரிந்தால் கோளாறு அங்கேதான். துளை போட்ட அதே பிடிப்பில், சக்கிலிருந்து (லேத்தின் பிடிப்பான்) கழற்றாமல் வாயைச் சமமாகக் கடைய வேண்டும்.

9 × 0.75 மி.மீ. (விட்டம் × புரி இடைவெளி) மரைக்கு 8.25 மி.மீ. துளை. டேப் (உள்மரை வெட்டும் கருவி) லேசாக இறங்கட்டுமே என்று 8.5 போட்டால் மரை ஆழமிருக்காது, மை ஏறிவரும். கந்தக நெடி தூக்கலாக அடித்தால் டிரில் சூடாகிவிட்டது, அளவு நிற்காது. டிரில்லை அடிக்கடி வெளியே இழுத்து, அதில் சிக்கிய சீவல் சுருளைத் தட்டுங்கள். மரையில் சிலிக்கோன் கிரீஸ் துளியளவு போதும்.

நிப்பில் சொட்டினால் அது வேறு: மை குறைந்த குழலில் கைச்சூட்டால் காற்று விரிந்து தள்ளுகிறது. மையை நிரப்பிவிடுங்கள்.