திருவாதிரை வெடித்தால் எத்தனை நாள் எரியும்?

அன்புள்ள ஆசிரியருக்கு,

பிள்ளையார் நோன்புக்கு ஊருக்கு வந்திருந்தோம். இழை எடுத்துக்கொண்டபின், பத்து மணிக்கு மேல் முற்றத்தில் உட்கார்ந்து அண்ணாந்து பார்த்துக்கொண்டிருந்தோம். அப்பச்சி சிவப்பாக ஒரு நட்சத்திரத்தைக் காட்டி, "அதுதான் திருவாதிரை. வெடிக்கப் போகுதாம், ராத்திரி பகலாயிடுமாம்" என்றார்கள். வெடி என்றால் பளிச்சென்று ஒரு நொடியில் முடிந்துவிட வேண்டாமா? மாதக்கணக்கில் வெளிச்சம் தருவது எது? நட்சத்திரம் எவ்வளவு பெரியதோ அவ்வளவு வெளிச்சம் வருமா?

மெ., தேவகோட்டை

அன்புள்ள மெ.,

அப்பச்சி காட்டியது சரியான நட்சத்திரம்தான். ஆனால் ராத்திரி பகலாகாது. திருவாதிரை சுமார் 500 முதல் 700 ஒளியாண்டு தூரத்தில் இருக்கிறது. அங்கே வெடித்தால் ஏறத்தாழ அரை நிலா அளவு வெளிச்சம் வரும். பகலிலும் தெரியும், அவ்வளவுதான். 'இரண்டாவது சூரியன்' என்று தலைப்புப் போடுகிறவர்கள் கணக்குப் போட்டுப் பார்ப்பதில்லை. அது நாளைக்கே நடக்கப்போவதுமில்லை. இன்னும் ஒரு லட்சம் ஆண்டுகூட ஆகலாம்.

வெடி நொடியில் முடிய வேண்டாமா என்று கேட்டீர்கள். முடிந்துதான் விடுகிறது. நடுவில் சேர்ந்த இரும்புக் கரு தன் கனத்தைத் தாங்கமாட்டாமல் ஒரு நொடிக்குள் உள்ளே சரிகிறது. வெளிப்படும் ஆற்றலில் 99 சதவீதம் நியூட்ரினோக்களாக (எதிலும் சிக்காமல் ஊடுருவிப் போகும் மிக நுண்ணிய துகள்கள்) சில நொடிகளில் கிளம்பிப் போய்விடும். மிச்சத்தில் பெரும்பகுதி நட்சத்திரத்தின் உடலைத் தூக்கியெறியச் செலவாகிறது. கண்ணுக்கு வெளிச்சமாக வந்து சேர்வது மொத்தத்தில் பத்தாயிரத்தில் ஒரு பங்கு. சிதறிய உடல் பரவி ஆறுகிறபோது கசிகிற வெளிச்சம் அது.

ஏன் உடனே வருவதில்லை? விநாயகர் சதுர்த்தி அன்று பிள்ளையார்பட்டிக் கோயிலுக்குள்ளிருந்து வெளியே வர முயன்றிருக்கிறீர்களா? வாசல் கண்ணில் தெரியும், கூட்டம் விடாது. உள்ளே சிக்கிய ஒளியின் பாடும் அதுதான். சூடான வாயுவில் எலெக்ட்ரான்கள் தனித்தனியே அலைந்து, ஒளியை இடித்து இடித்துத் திசைமாற்றிவிடுகின்றன. வாயு விரிந்து 6,000 டிகிரி அளவுக்கு ஆறினால் ஹைட்ரஜன் தன் எலெக்ட்ரானைப் பிடித்துக்கொள்கிறது, வழி கிடைக்கிறது. இது வெளி அடுக்கில் தொடங்கி மெல்ல உள்நோக்கிப் போகும். ஒளி வெளியேறும் எல்லையில் வெப்பநிலை எப்போதும் அதே அளவுதான் என்பதால் வெளிச்சமும் பெரிதாக மாறாமல் சுமார் 100 நாள் நிற்கும். ஹைட்ரஜன் போர்வை தடிமனாக இருந்தால் இன்னும் நீளும். எல்லை அடிவரை போய்ச் சேர்ந்ததும் வெளிச்சம் மடமடவென்று சரியும். போர்வையை முன்பே இழந்துவிட்ட நட்சத்திரங்களுக்கு இந்தச் சமதளமே கிடையாது. ஏறி, உச்சத்தைத் தொட்டு, இறங்கிவிடும்.

இரண்டாவது கேள்விக்கு 1987ஆம் ஆண்டு வெடிப்பைத்தான் சொல்ல வேண்டும். அது நடந்தது பெரிய மெகல்லானிக் மேகம் என்ற பக்கத்து விண்மீன் மண்டலத்தில், சுமார் 1,65,000 ஒளியாண்டு தள்ளி. பிப்ரவரி 23 அன்று அதன் நியூட்ரினோக்கள் பூமியைக் கடந்தன. ஜப்பானில் கமியோகாண்டே கருவி 11 நியூட்ரினோக்களைப் பிடித்தது. ஓரிரு மணி நேரம் கழித்துத்தான் ஒளி வந்தது. வெடித்தது திருவாதிரைபோல் சிவப்புப் பூதம் இல்லை, நீல நிறத்தில் கச்சிதமான ஒன்று. சூரியனைப்போல் நாற்பது ஐம்பது மடங்கு அகலம்தான். திருவாதிரையோ பல நூறு மடங்கு. கச்சிதமான உடல் பிரகாசமாகத் தெரியும் அளவுக்குப் பரவுவதற்குள், விரிவதிலேயே அதன் சூடு தீர்ந்துபோகிறது. அதனால் எதிர்பார்த்ததைவிட மங்கலாகவே இருந்தது. அப்புறம் யாரும் நினைக்காத விதமாக வாரக்கணக்கில் ஏறி, மே மாதத்தில்தான் உச்சத்தைத் தொட்டது.

ஏற்றிவிட்டது நிக்கல். வெடிப்பின் சூட்டில் உண்டாகும் நிக்கல்-56 என்ற கதிரியக்க நிக்கல், ஆறு நாள் அரை ஆயுளில் (பாதி சிதைய ஆகும் காலம்) கோபால்ட்-56 ஆகிறது. அது 77 நாள் அரை ஆயுளில் இரும்பாகிறது. இந்தச் சிதைவின் சூடுதான் உள்ளிருந்து வெளிச்சத்தை ஊட்டியது. பிற்பாடு அது மங்கிய வேகம் கோபால்ட்டின் கணக்கோடு அப்படியே ஒத்துப்போனது, கோபால்ட்டின் காமாக் கதிர்களையும் செயற்கைக்கோள் பிடித்தது. இப்படி மெல்ல மங்கும் அந்த வால்பகுதியின் வெளிச்சத்தை வைத்து, சூரியனின் எடையில் சுமார் 7 சதவீதம் நிக்கல் உண்டானதென்று கணக்கிட்டார்கள். என்னைக் கேட்டால், இந்தத் துறையின் மிக அழகான அளவீடு இதுதான்.

(அந்த மார்ச் மாதம் உங்கள் ஊர்க் கண்மாய்க் கரையில் இருட்டியதும் நின்றிருந்தால், தெற்கே அடிவானத்துக்குப் பத்து டிகிரி மேலே அது இருந்திருக்கும், கண்ணுக்கு எட்டியும் எட்டாமலும். உச்சத்துக்கு வந்த மே மாதத்திலோ இருட்டுவதற்குள் மறைந்துவிட்டது.)

ஆகவே பெரிய நட்சத்திரம் என்றால் அதிக வெளிச்சம் என்று வைத்துக்கொள்ள முடியாது. எடை, அகலம், போர்வை, நிக்கல் நான்கும் வேறு வேறு கைப்பிடிகள். எடை மிகுந்த சில நட்சத்திரங்கள் சரியாக வெடிக்காமலே கருந்துளையாகிவிடவும் கூடும்.

ஐந்தாவதாக ஒன்றும் உண்டு. 2023 மே 19 அன்று ஜப்பானிய அமெச்சூர் வானியலர் கோய்ச்சி இடாகாகி, எம்-101 என்ற விண்மீன் மண்டலத்தில் ஒரு வெடிப்பைக் கண்டுபிடித்தார். சுமார் ஐந்தே நாளில் அது உச்சத்துக்கு ஏறியது. வெடிப்பதற்கு முந்தைய சில ஆண்டுகளில் அந்த நட்சத்திரம் உதிர்த்த வாயு அதைச் சுற்றி அடர்ந்திருந்தது. சிதறல் அதில் போய் மோதி, முதல் நாட்களின் வெளிச்சத்தைக் கூட்டிவிட்டது.

திருவாதிரைக்கு வருவோம். அதன் உடல் அகலமானது, கரு சரிந்ததில் கிளம்பும் அதிர்வலை மேற்பரப்புக்கு வரவே ஒரு நாள் அளவு ஆகும். நியூட்ரினோக் கருவிகள் அத்தனை நேரம் முன்னதாகச் சொல்லிவிடும். பிறகு சில நாள் ஏற்றம், மூன்று மாதத்துக்கு மேல் சமதளம், சரிவு, கோபால்ட் வால். முதல் வாரத்தை மட்டும் இப்போது சொல்ல முடியாது. 2019-20இல் அது மங்கியபோது தூசியும் வாயுவும் உதிர்த்ததைப் பார்த்தோம். ஆனால் கணக்கில் சேரப்போவது, வெடிப்பதற்குச் சற்று முன் அது உதிர்ப்பதுதான். அது இன்னும் நடக்கவில்லை.